லீவர் ரைஃபிளா, .315-ஆ, .22-ஆ, ஏர் ரைஃபிளா? கடலூர், புதுவைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாமா என்ற கேள்வி நம் பக்கத்தில் இரண்டு விதமான வீடுகளிலிருந்து வருகிறது. ஒன்று, பெரியவர் பெயரில் உரிமத்தோடு பழைய வின்செஸ்டர் (அமெரிக்க லீவர் ரைஃபிள்) ஒன்று பீரோவில் இருக்கும் வீடு. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய புதுச்சேரிக் குடும்பமாக இருக்கலாம், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்தவர்களாக இருக்கலாம். இன்னொன்று, பிள்ளைகள் டெக்சாஸிலோ பாரிஸிலோ இருந்துகொண்டு, கைப்பிடிக்குக் கீழே உள்ள லீவர் வளையத்தைச் சடக்கென்று இறக்கி ஏற்றி, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிச் சுடும் காணொளியை அனுப்பிவைக்க, அதைப் பார்த்து ஆசை வந்த வீடு. முதல் வீட்டுக்காரர் "வைத்துக்கொள்வதா, விற்பதா" என்கிறார். இரண்டாவது வீட்டுக்காரர் "எங்கே கிடைக்கும்" என்கிறார். இருவருக்கும் பதில் ஒன்றல்ல. (தலைப்பில் உள்ள .315, .22 எல்லாம் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்.)

முதலில் வேட்டையை ஒதுக்கிவைத்துவிடலாம். லீவர் ரைஃபிள் பிறந்ததே மான் வேட்டைக்கு என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிறகு வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டன. முயல், காடை, கொக்கு எதுவும் விலக்கல்ல. ஊசுட்டேரிக்கு வரும் பறவைகளைப் பார்த்து ஏர் கன்னை எடுப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்பது நிஜமான தொல்லை, மறுக்கவில்லை. அதற்கான வழி வனத்துறை மூலமாகத்தான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் நுழையும் பன்றிகளைச் சுட 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அனுமதித்தபோதும், சுடும் வேலை வனத்துறையினருக்கே கொடுக்கப்பட்டது. விவசாயி தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்க அது வழி செய்யவில்லை. எனவே இங்கே "வேட்டை ரைஃபிள்" என்பது ரகத்தின் பெயர் மட்டுமே.

எதை வைத்து எடை போடுவது

பலரும் துப்பாக்கியின் விலையில் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. நான் பார்ப்பது இவை:

தோட்டா எங்கே கிடைக்கும்? சட்டப்படி எங்கே போய்ச் சுடுவது? உரிமத்துக்கு எவ்வளவு அலைச்சல்? நம் உப்புக்காற்றில் அதைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்க முடியுமா? வேண்டாம் என்று ஆகும்போது கைமாற்ற வழி உண்டா?

முதல் இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் மற்ற மூன்றைப் பேசுவதே வீண். தோட்டாவையும் சுடும் இடத்தையும் முடிவு செய்தபிறகுதான் துப்பாக்கிப் பேச்சு.

உரிமத்தைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள். கடலூரிலும் புதுச்சேரியிலும் மனு போகும் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். போலீஸ் விசாரணை உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம், பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் அடக்கம். உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "எதற்கு வேண்டும்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதை மனு வாங்கும் முன்பே யோசித்துவையுங்கள். ஆசை என்பது காரணமாகாது.

பழைய லீவர் ரைஃபிள்

இந்தியாவில் லீவர் ரைஃபிளுக்குத் தடை இல்லை. தடை செய்யப்பட்ட போர் (bore, குழலின் உள்விட்டம்) பட்டியலில் வருவது .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடியவை. வின்செஸ்டர் 1894, மார்லின் 336 போன்றவற்றில் வரும் .30-30 தோட்டா அந்த வகையில் சேராது. .30 அங்குலம் என்பது 7.62 மில்லிமீட்டர். அந்த எண்ணை மட்டும் பார்த்து "இதுவும் 7.62 தானே" என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், ராணுவத் தோட்டா இந்த ரைஃபிளின் அறைக்குள் (தோட்டா உட்காரும் இடம்) நுழையாது என்று ஆயுத நிபுணரிடம் எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். வின்செஸ்டர் 1895 என்ற மாடல் .303-லும் வந்தது. அதை யாராவது காட்டினால் பேச்சை வளர்க்காமல் வந்துவிடுங்கள்.

பிரச்சினை வேறு. தனிநபர் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே நீங்கள் வாங்கக்கூடியது அதற்கு முன் வந்து, கைமாறிக் கைமாறி மிஞ்சியிருக்கும் ஒன்றைத்தான். வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், அங்கே தான் வைத்திருந்த ஒரு துப்பாக்கியைக் கொண்டுவர வழி உண்டு. பிரான்சிலிருந்து திரும்பும் புதுச்சேரிக்காரர்களுக்கு இது பொருந்தும். ஆனால் இங்கே உரிமம் முன்கூட்டியே வேண்டும், கொண்டுவந்ததை விற்கக்கூடாது போன்ற நிபந்தனைகளும் உண்டு.

சரி, நல்லதாக ஒன்று கிடைத்தது என்றே வையுங்கள். தோட்டா? .30-30 இந்தியாவில் தயாராவதில்லை. பழைய 1892 மாடலின் .44-40, .32-20 எல்லாம் இன்னும் மோசம். கடைகளில் எப்போதோ வந்த சரக்கு ஒன்றிரண்டு பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம், அதற்குக் கேட்கும் விலைக்கு எல்லை இல்லை. சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ளலாமே என்று அமெரிக்கக் காணொளி பார்த்தவர்கள் கேட்பார்கள். அங்கே அது வீட்டு வேலை, இங்கே அது தோட்டாத் தயாரிப்பு, தனி உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். அதனால் வீட்டிலிருக்கும் பல வின்செஸ்டர்களின் நிலை, எண்ணி வைத்த சில தோட்டாக்களுக்குக் காவல் இருப்பதுதான்.

கருவியாக அது அருமையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடலின் எடை சுமார் 3 கிலோதான். தோளில் தூக்கித் தோப்பில் நடக்க இதைவிட இலகுவான ரைஃபிள் குறைவு. 1895-ல் வந்த .30-30, புகையில்லா மருந்துக்கென்றே அமெரிக்காவில் உருவான முதல் வேட்டைத் தோட்டா. 150 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 730 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 150 மீட்டர் வரை நம்பிச் சுடலாம், அதற்கப்புறம் குண்டு வேகமாகத் தாழும்.

சுடுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில், இடித்தால் தீப்பற்றும் சிறு மூடி) முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கூர்முனைக் குண்டு கூடாது, தட்டை மூக்குதான். கூர்மையாகத் தெரியும், ஹார்னடி நிறுவனத்தின் ஒருவகைத் தோட்டாவுக்கு முனை மெத்தென்ற பாலிமரில் இருப்பதால்தான் விலக்கு. இன்னொன்று, பழைய மாடல்களில் தனிப் பூட்டு கிடையாது. ஹேமரை (பிரைமரை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல் பாகம்) பாதி தூரத்தில் நிறுத்திவைப்பதே பாதுகாப்பு. அறையில் தோட்டா இருக்கும்போது, டிரிகரை அழுத்தியபடி ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல இறக்க வேண்டும். விரல் வியர்த்து வழுக்கினால் வெடித்துவிடும். நம் ஊர் சித்திரையில் விரல் வியர்க்காமல் இருக்குமா? குழலைப் பாதுகாப்பான பக்கம் காட்டாமல் இதைச் செய்யவே கூடாது. துப்பாக்கியைக் காலி செய்வதும் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. லீவரை மறுபடி மறுபடி இயக்கி எல்லாத் தோட்டாவையும் வெளியே தள்ள வேண்டும், கடைசியில் அறைக்குள் விரல் விட்டும் பார்க்க வேண்டும்.

பழைய வின்செஸ்டர் 94 சுட்ட கூட்டை மேல்பக்கமாகத் துப்பும். அதனால் டெலஸ்கோப் சைட் பொருத்துவது தலைவலி. மார்லின் 336 பக்கவாட்டில் துப்பும். வயதாகிக் கண் மங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்புறம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ வீடு இருந்தால், ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். லீவர் ரைஃபிளின் உள்ளே சிறிய பாகங்கள் நிறைய, திறந்து துடைக்க முடியாத சந்துகளும் நிறைய. வின்செஸ்டர் 94-ன் குழலை வாய்ப்பக்கமிருந்துதான் சுத்தம் செய்ய முடியும். கம்பி உரசி வாய் தேய்ந்தால் குறி போய்விடும். மார்லினில் லீவரின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போல்ட் (அறையைப் பின்பக்கம் அடைக்கும் தாழ்ப்பாள் பாகம்) வெளியே வந்துவிடும், பின்பக்கமிருந்தே துடைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலுறைக்குள் மூடிவைப்பது துருவுக்கு விருந்து வைப்பதுதான், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். லேசாக எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல்லோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

யாருக்கு இது சரி? ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கு. சுடுவதற்காகப் பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு அல்ல.

.315 போல்ட் ஆக்‌ஷன்

மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராவது. பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டின் வழிவந்த போல்ட், பெட்டி மேகசின், நம் நாட்டிலேயே செய்யப்படும் தோட்டா. உரிமம் உள்ளவருக்கு முறையாகப் புதிதாகக் கிடைக்கும், உதிரிபாகமும் வேலை தெரிந்த ஆளும் கிடைக்கும். போல்ட்டை உருவி எடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து குழலைத் துடைக்கலாம் என்பதால் கடலோரத்துக்கு லீவரைவிட இதுவே மேல். ஆனால் பழைய சரக்குத் தோட்டா சுட்டால் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பைக் கரைக்க, அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்தி எண்ணெய் போட வேண்டும். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் குழலுக்குள் சிவப்பாகத் தெரியும்.

பின்னுதை பலமானது. ஒல்லியான ஆளுக்கு ஐந்தாறு குண்டுக்குப் பிறகு தோள் கேட்காது.

இதன் பெரிய குறை, சுட இடமில்லாதது. தமிழ்நாட்டில் பெரும்பாலான ரைஃபிள் கிளப்களில் உள்ளவை 10, 25, 50 மீட்டர் தளங்கள்தான். அவை ஏர் ரைஃபிளுக்கும் .22-க்கும் ஏற்றவை. நம் நிலத்தில் சுட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள். கடலூர் மாவட்டம் தட்டை நிலம், ஊர்கள் நெருக்கம், பின்னால் குண்டைத் தாங்க மலையும் இல்லை. சின்ன .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எழுதியிருக்கும், .315 அதைத் தாண்டிப் போகும். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாகச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வைத்திருக்கத்தான் உரிமம், எங்கும் சுட அல்ல.

ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் இருப்பவர், உண்மையான மிரட்டல் இருப்பவர், அதைக் காவல்துறையும் ஒப்புக்கொள்கிற நிலையில் இருப்பவர், இவர்களுக்கு .315 பொருந்தும். அவர்களுக்கும் ரெட்டைக்குழல் 12 போர் துப்பாக்கியே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

.22 ரைஃபிள், கிளப் வழியாக

இங்கே சட்டம் கொஞ்சம் இறங்கி வருகிறது. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் குறி பழக .22 கேட்டால், ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதைத் தனியாகவே சொல்கிறது. "எதற்கு" என்ற கட்டத்துக்கு நேர்மையான பதிலும் கிடைத்துவிடுகிறது. பின்னுதை இல்லை என்றே சொல்லலாம், அதனால் ஒரே நாளில் நிறையச் சுட்டுப் பழக முடியும். குறி பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மறைமுகச் செலவு தூரம்தான். சென்னை ரைஃபிள் கிளப் 1950-களிலிருந்து இருக்கிறது. திருச்சியிலும் கிளப் உண்டு. கடலூரிலிருந்து இரண்டுமே அரை நாள் பயணம். உறுப்பினர் கட்டணம், தளக் கட்டணம், தோட்டா, பயணம் எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறைகூடப் போக முடியாது என்று தெரிந்தால், சொந்தமாக வாங்காமல் கிளப் துப்பாக்கியிலேயே சுடலாம். உரிமமும் வேண்டாம், துருக் கவலையும் இல்லை.

ஏர் ரைஃபிள்

.177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். பிரிசிஹோல், எஸ்.டி.பி. போன்ற இந்தியத் தயாரிப்புகள் உண்டு. .22 ஏர் கன் என்று யாராவது "சக்தி அதிகம் சார்" என்று நீட்டினால், அதற்கு உரிமம் வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறாரா பாருங்கள்.

விளையாட்டுப் பொருள் என்று இதை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். உலகக் கோப்பைத் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் குஜராத்தில் என்றாலும், அவர் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான். அந்தப் போட்டியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதை ஒருமுறை குறிவைத்துப் பார்த்தால் இளக்காரம் போய்விடும்.

மொட்டை மாடியில் அல்ல, சுவருள்ள நீண்ட கூடத்திலோ தாழ்வாரத்திலோ 10 மீட்டர் அளந்து, பெல்லட்டை (ஏர் ரைஃபிள் குண்டு) தாங்கும் பெட்டி வையுங்கள். குழந்தைகள் நடமாடும் வழி கூடாது. பெல்லட் ஈயம், தொட்டபின் கை கழுவாமல் பஜ்ஜியில் கை வைக்காதீர்கள். லீவர் ஆசை விடவில்லை என்றால், வின்செஸ்டர் 94 சாயலில் வால்தர் செய்யும் .177 கார்பன்-டை-ஆக்சைடு ரைஃபிள் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் முறையான பில்லோடு கிடைத்தால் அந்த ஆசைக்கு அதுவே மலிவான வடிகால்.

வெளிநாட்டில் போய்ச் சுடுவது

.30-30 கொட்டிக் கிடக்கும் இடத்துக்கே போய்ச் சுட்டுவிட்டு வருவது. பிள்ளைகளைப் பார்க்க எப்படியும் போகிறோமே என்பவர்களுக்கு நல்ல யோசனைதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி கையில் எடுக்கக்கூடாது. சுற்றுலா விசாவில் போன அப்பா மட்டுமல்ல, எச்-1பி வேலை விசாவில் இருக்கும் மகனும் இதில் அடக்கம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதற்கும் இதே விதி. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

பிரான்சில், மறுபடி நிரப்பாமல் 11 குண்டுக்கு மேல் போகாத லீவர் ரைஃபிள் சி பிரிவில் வரும். வேட்டை அனுமதியோ சுடுதல் சங்க உரிமமோ உள்ளவர் வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாம். பிரெஞ்சுக் குடியுரிமையோடு போய்வரும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு, லீவர் ரைஃபிளை அங்கே வைத்துக்கொண்டு இங்கே ஏர் ரைஃபிளில் பழகுவது சிக்கல் குறைந்த ஏற்பாடு.

| | தோட்டா | சுடும் இடம் | உரிமம் | உப்புக்காற்றில் | கைமாற்ற |
|---|---|---|---|---|---|
| பழைய லீவர் | மிக அரிது | இல்லை என்றே சொல்லலாம் | கடினம் | அதிகக் கவனம் | ஆசைப்படும் ஆள் கிடைத்தால் நல்ல விலை |
| .315 | கிடைக்கும் | மிகக் குறைவு | கடினம் | நடுத்தரம் | எளிது |
| .22 | கிளப் வழியாக | சென்னை, திருச்சி | கிளப் உறுப்பினருக்குச் சற்று எளிது | எளிது | சுமார் |
| ஏர் ரைஃபிள் | தாராளம் | வீடு, கிளப் | வேண்டாம் | எளிது | விலை போகாது |

வீட்டில் ஏற்கெனவே லீவர் இருந்தால்

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றித்தர மனு கொடுக்கலாம். காலமான பிறகு என்றால் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டுத்தான் மனுவே. கடையில் வைத்தால் மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெய் போட ஆளும் இருக்காது. விற்பது என்று முடிவானால், ஆட்சியருக்கோ காவல்நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பின்புதான் கைமாற்றலாம். வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்லி ஓலை வரும், அதையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்று எழுதியிருக்கும். அது தமிழ்நாடு மட்டும் என்றால், கடலூரிலிருந்து சென்னைத் தளத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக முடியாது. முள்ளோடையில் புதுச்சேரி ஆரம்பித்துவிடும். பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். புதுச்சேரி உரிமம் வைத்திருப்பவருக்கு இது இன்னும் வேடிக்கை. காரைக்காலும் அவருடைய யூனியன் பிரதேசம்தான், ஆனால் அங்கே போக நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழியைத் தாண்டியாக வேண்டும். புறப்படும் முன் பயண அனுமதியை எழுத்தில் வாங்கி, உரிமத்தோடு சேர்த்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியாக உறைக்குள் இருக்கட்டும், தோட்டா தனிப் பையில்.